தட்டிவிட்டுத் தொடும் கை

பல்லுக்காரர் சொன்னது ஒரு சின்னப் பொய்தான். நாய்க்குத் தினமும் காலைப் பிடித்துவிடுகிறேன் என்று சொன்னார். இதைப் பெரிய குற்றமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நமக்கே முட்டி வலி வந்து, பிஸியோ சொல்லித் தந்த பயிற்சியைச் செய்கிறீர்களா என்று யாராவது கேட்டால், கண்ணை இமைக்காமல் தலையை ஆட்டுகிற ஆட்கள்தான் நாமெல்லாம். நாய்க்காகச் சொல்லும் பொய் இன்னும் பாதுகாப்பானது, நாய் வாயைத் திறந்து காட்டிக்கொடுக்கப் போவதில்லை. அப்படித்தான் அவரும் நினைத்திருந்தார்.

அவர் பல் டாக்டர் இல்லை. பல் டாக்டர்கள் நோயாளிகளின் வாயில் அச்செடுத்து அனுப்ப, அதை வைத்துப் பல் செட் செய்து கொடுக்கும் டெக்னீஷியன். தெருவில் எல்லோருக்கும் பல்லுக்காரர். வீட்டின் முன்னறைதான் பட்டறை. சுவர் நெடுக அலமாரி, அலமாரி நெடுக வெள்ளைப் பிளாஸ்டர் தாடைகள். பாதித் தெருவின் வாய் அங்கே திறந்தபடி உட்கார்ந்திருந்தது. புதிதாக வருகிறவர்கள் ஒரு நிமிடம் வாசலிலேயே நின்றுவிடுவார்கள். அவருக்கு அவை வெறும் வேலை.

பட்டறைக்குப் பின்னால் இரண்டு படுக்கையறை, ஒரு சமையலறை. ஓர் அறை அவருடையது, மற்றது அக்காவுடையது. இருவருக்கும் கல்யாணம் அமையவில்லை. அமையவில்லை என்று வருத்தப்படுகிற வயதும் தாண்டிப் போனபின் இருவரும் நிம்மதியாகச் சண்டை போட்டுக்கொண்டு வாழ்ந்தார்கள். அக்கா தெருமுனை பேக்கரியில் மாவு பிசைகிறவள். அந்த பேக்கரி வாசலில் பழுப்பு நிறத்தில் ஒரு நாய், வேலை செய்கிறவர்களை எல்லாம் முறைத்துக்கொண்டே படுத்திருக்கும். அதனால் அதற்கு மேனேஜர் என்று பெயர் விழுந்தது. அக்கா வேலையை விட்ட அன்று அதையும் கூட்டிக்கொண்டு வந்தாள். "எல்லாரும் கடிகாரம் வாங்கிட்டுப் போவாங்க, நான் மேனேஜரையே கூட்டிட்டு வந்துட்டேன் பாத்தியா தம்பி" என்று வாசலில் நின்று சிரித்தாள்.

போன மழைக்காலத்தில் அக்கா தூக்கத்திலேயே போய்விட்டாள். மேனேஜர் மிச்சம்.

அதற்கும் வயதாகியிருந்தது. இடது பின்னங்காலில் முட்டி தேய்ந்துவிட்டது, இடுப்பு மூட்டும் சரியில்லை. படுத்தால் எழுந்திருக்க முடியாது, எழுந்தால் வழவழத் தரையில் பின்னங்கால்கள் ஆளுக்கொரு பக்கம் போகும். வெளியே போவதற்குள் அறையிலேயே நனைத்துவிடும். இதையெல்லாம்கூட அவர் பொறுத்துக்கொண்டார். பொறுக்க முடியாதது அதன் பார்வை. அக்காவை எங்கேயோ ஒளித்து வைத்திருக்கிறவரைப் பார்ப்பதுபோல் அது அவரையே பார்த்துக்கொண்டிருக்கும். சாப்பாட்டுத் தட்டை வைத்தால் தட்டைப் பார்க்காது, அவருக்குப் பின்னால் யாராவது வருகிறார்களா என்று பார்க்கும். அந்தப் பார்வையோடு ஒரே வீட்டில் இருக்க அவரால் ஆகவில்லை.

கால்நடை டாக்டரிடம் போய், ஊசி போட்டு முடித்துவிடுங்கள் என்று நேரடியாகவே கேட்டார்.

"இவ்ளோ நாள் வளர்த்துட்டு, ஒரு முயற்சியும் பண்ணாம இப்படிச் சொல்றீங்களே" என்றார் டாக்டர்.

"நான் எங்க வளர்த்தேன்? எங்க அக்கா வளர்த்தது."

"சரி, யாரோ வளர்த்தது. மூட்டுத் தேய்மானத்தைத் திருப்ப முடியாது, ஆனா வலியைக் குறைக்கலாம். எடையைக் குறைங்க, தரையில விரிப்பு போடுங்க, பிஸியோகிட்ட கூட்டிட்டுப் போங்க. கோடை வரைக்கும் பாப்போம். ஒண்ணும் தேறலைன்னா நீங்க சொன்ன மாதிரி பண்ணிடலாம்."

பல்லுக்காரர் அந்தக் கடைசி வாக்கியத்தை மட்டும் பத்திரமாக எடுத்துக்கொண்டு வந்தார். தேறவில்லை என்றால் முடித்துவிடலாம். தேறாமல் இருக்க என்ன செய்ய வேண்டும்? ஒன்றும் செய்யாமல் இருந்தால் போதும். அதைவிடச் சுலபமான வேலை உண்டா?

பிஸியோ இருந்த இடம் ஒரு பழைய கார் ஷெட். தரை முழுக்க ரப்பர் விரிப்பு, மூலையில் பெரிய பெரிய ரப்பர் பந்துகள், தாண்டிப் பழகத் தாழ்வாக வைத்த குச்சிகள். நடுவில் கண்ணாடிச் சுவர் வைத்த தொட்டி, அதன் அடியில் மெதுவாக ஓடும் பட்டை. வெதுவெதுப்பான தண்ணீரை வயிறு வரைக்கும் நிரப்பி நாயை உள்ளே நடக்கவிடுவார்கள். பாதி எடையைத் தண்ணீர் தாங்கிக்கொள்வதால் மூட்டு வலிக்காமல் தசை வேலை செய்யும். பிஸியோ ஒல்லியான பெண், சட்டை முழுக்க நாலைந்து நிறத்தில் நாய் முடி. டாக்டரம்மா என்று கூப்பிட்டவரை அவள் உடனே திருத்தினாள்.

"டாக்டர் இல்ல சார், பிஸியோ. நாய்க்குப் பிஸியோவான்னு சிரிக்கறதா இருந்தா இப்பவே சிரிச்சுடுங்க. அப்புறம் வேலையைப் பாக்கலாம்."

அவர் சிரிக்கவில்லை. அவள் மேனேஜரைச் சாய்த்துப் படுக்க வைத்து ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்தாள். முதலில் வெதுவெதுப்பான ஒத்தடம். பிறகு இரண்டு கட்டைவிரலாலும் தொடைத் தசையை மேலிருந்து கீழே உருட்டிப் பிடித்துவிட வேண்டும். பிறகு முட்டிக்குக் கீழே ஒரு கை, மேலே ஒரு கை, மெதுவாக மடக்கி, கொஞ்சம் நிறுத்தி, மெதுவாக நீட்ட வேண்டும். உதட்டை நக்கினாலோ காது பின்னால் போனாலோ வலிக்கிறது என்று அர்த்தம், அங்கேயே நிறுத்திவிட வேண்டும். கடைசியில் உட்கார்ந்து எழும் பயிற்சி. காலை மாலை இரண்டு வேளை. முட்டி சூடாக இருக்க ஒரு துணி உறையும் கொடுத்தாள். பல்லுக்காரர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார், ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டார்.

வீட்டில் ஒரே ஒரு தடவை செய்து பார்த்தார். முட்டியைப் பிடித்து மடக்கினதும் மேனேஜர் வீலென்று கத்தித் திரும்பி அவருடைய மணிக்கட்டை வாயால் பிடித்தது. கடிக்கவில்லை. வேண்டாம் என்று சொல்வதுபோல் பிடித்துக்கொண்டு மட்டும் இருந்தது. அவர் கையை விடுவித்து, கழுவி, துடைத்துக்கொண்டு பட்டறைக்குப் போனார். அதோடு அவர் வரையில் அந்த வேலை முடிந்தது.

அதற்கப்புறம் வாரா வாரம் போனார், வாரா வாரம் அதே பொய்யைச் சொன்னார். ஒரு நாள் பிஸியோ டேப்பால் மேனேஜரின் தொடையைச் சுற்றி அளந்து, நம்பாமல் மறுபடியும் அளந்து, நிமிர்ந்து பார்த்தாள்.

"தொடை ஏறியிருக்கு சார்! தசை திரும்பி வருது!"

"டேப் பழசா இருக்குமோ?" என்றார் பல்லுக்காரர்.

"டேப்பை ஏன் சார் திட்டறீங்க? உங்களைத்தான் நான் தப்பா நெனச்சுட்டேன். மொத நாள் உங்க மூஞ்சியப் பாத்தா, இவரு ஒண்ணும் செய்யமாட்டாருன்னு தோணிச்சு. இந்த வயசு நாய்க்கு இப்படி ஏறணும்னா தினம் உக்காந்து செஞ்சிருக்கணும்."

அவர் அசட்டுச் சிரிப்பு சிரித்தார். பாராட்டை வேண்டாம் என்று சொல்ல எந்த மனிதனுக்கு வாய் வரும்? ஆனால் திரும்பி வரும் வழியெல்லாம் அந்தப் பாராட்டு அவரைப் பிடுங்கிக்கொண்டே வந்தது. மேனேஜர் அவருக்கு முன்னால் நடந்தது. நொண்டல் இருந்தது, ஆனால் இடது காலை ஊன்றியே நடந்தது. தெருமுனையில் நின்று திரும்பி, வழக்கம்போல் அவருக்குப் பின்னால் பார்த்தது. இந்த முறை வாலை ஆட்டியது.

அடுத்த சில நாட்களில் அவருக்குக் கட்டைவிரல்கள் வலிக்க ஆரம்பித்தன. காலையில் எழுந்தால் விரல் மடங்காது. கடைவாய்ப் பல் ஒன்றை மெழுகில் உட்கார வைக்கும்போது கை நழுவிப் பல் எங்கேயோ ஓடிவிட்டது, மேஜைக்கடியில் தவழ்ந்து தேடினார். ஒரு பல் டாக்டர் ஃபோன் செய்து, "நீங்க செஞ்சு குடுத்த செட்டைப் போட்டுட்டுப் பேசினா பேஷன்ட் வாயில விசில் வருதுய்யா" என்று கத்தினார். தொழிலில் இப்படி ஒரு பேச்சை அவர் கேட்டதே இல்லை. மானம் போனது. இன்னொன்றையும் கவனித்தார், எழுந்தவுடன் அவருடைய கைகளில் நாய் வாடை இருந்தது. நாயைத் தொட்டே பல நாள் ஆகியிருந்தது.

பிஸியோவின் இடத்தில் மேனேஜரைத் தொட்டியிலிருந்து தூக்கும்போது அவர் முகம் சுளித்ததை அவள் பார்த்துவிட்டாள். கையைக் காட்டச் சொல்லி, கட்டைவிரலின் அடியில் அழுத்தினாள். உயிர் போனது.

"இது எங்க தொழில் வலி சார். கட்டைவிரலால அழுத்தி அழுத்திப் பிடிச்சுவிடறவங்களுக்குத்தான் இந்த எடத்துல வரும். இவ்ளோ அழுத்த வேணாம்னு சொன்னேன்ல?"

அவர் கையை மெல்ல இழுத்துக்கொண்டார்.

"இன்னொரு விஷயம். நீங்க மடக்கறதுக்கு முன்னாடி முட்டியத் தட்டுவீங்களோ? போன வாரம் வரைக்கும் நான் காலைத் தொட்டா விறைச்சுக்குவான். இன்னிக்குத் தற்செயலா என் விரல் ரெண்டு தடவ பட்டுது, உடனே அவனா காலை நீட்டிட்டான். இதோ பாருங்க."

முட்டிச் சிப்பியில் இரண்டு முறை மெல்லத் தட்டினாள். மேனேஜர் பெருமூச்சு விட்டு, காலைத் தளரவிட்டு அவள் கையில் கொடுத்தது.

"நான் சொல்லித் தரலையே இதை. யாரு கத்துக்குடுத்தாங்க?"

யார் கற்றுக்கொடுத்தார்கள் என்று பல்லுக்காரருக்குத் தெரியும். சின்ன வயதில் அவருக்குக் கால் குடைச்சல் வரும், சாயங்காலமானால் அழுவார். அக்கா பக்கத்தில் உட்கார்ந்து முட்டியில் இரண்டு தட்டு தட்டுவாள். "ஏன் தட்டறே?" என்று கேட்டால், "கதவைத் தட்டாம உள்ள போனா வலிக்குக் கோவம் வரும்டா, தட்டிட்டுப் போனா அதுவா எழுந்து வெளிய வரும்" என்பாள். பிறகு பிடித்துவிடுவாள். அவருக்கு ஐம்பது வயதுக்கு மேல் ஆகிவிட்டது, அந்த இரண்டு தட்டலை இப்போதும் முட்டியில் உணர முடிந்தது. ரப்பர் விரிப்பின் மேல் நின்றுகொண்டிருந்தவருக்கு உடம்பெல்லாம் சில்லிட்டது.

அன்று படுக்கப் போகுமுன் ஒரு காரியம் செய்தார். அவர் படித்த படிப்பு அச்செடுக்கிற படிப்பு, பயம் வந்தாலும் அதுதான் கைகொடுக்கும். பட்டறையிலிருந்து பிளாஸ்டர் மாவைக் கொண்டுவந்து, தன் கட்டிலைச் சுற்றியும், அங்கிருந்து அக்காவின் அறை வரைக்கும், அந்த அறையில் மேனேஜர் படுக்கும் விரிப்பைச் சுற்றியும் சல்லடையால் சலித்துத் தூவினார். யார் வந்தாலும் தடம் விழும்.

காலையில் கண்ணைத் திறக்குமுன்பே தெரிந்தது, உள்ளங்கால் நறநறவென்று இருந்தது. மாவில் தடம் இருந்தது. கட்டிலிலிருந்து கிளம்பி அக்காவின் அறைக்குப் போன தடம். விரிப்பின் ஓரத்தில் இரண்டு முட்டி ஊன்றிய குழி. அப்புறம் திரும்பி வந்த தடம். அகலமான பாதம், பெருவிரல் மேல் ஏறி உட்கார்ந்த இரண்டாவது விரல். அவருடைய கால்.

"அட, நான்தானா!" என்று வாய்விட்டுச் சிரித்தார். தூக்கத்தில் நடக்கிற பழக்கம் அவருக்குச் சிறுவயதில் இருந்தது. அக்காதான் தோளைப் பிடித்துத் திருப்பிக் கூட்டிவந்து படுக்க வைப்பாள். அவள் போன துக்கத்தில் அது திரும்பி வந்திருக்கிறது, அவ்வளவுதான். விழித்திருக்கும்போது செய்யாத வேலையைத் தூங்கும்போது செய்கிறோம், மனசாட்சி என்றால் இதுதான் போலிருக்கிறது என்று தன்னைத்தானே கேலி செய்துகொண்டு பல் விளக்கினார்.

விளக்கிக்கொண்டிருக்கும்போதே சிரிப்பு நின்றது. கால் நம்முடையது, சரி. ஆனால் கைக்கு இந்த வேலை எப்படித் தெரியும்? பிஸியோ சொன்னதில் பாதியைத்தான் அவர் கேட்டார், கேட்டதிலும் பாதி மறந்துவிட்டது. முழித்துக்கொண்டு செய்தபோது நாய் கத்தியது. தூங்கிக்கொண்டு செய்தால் காலை நீட்டுகிறதாம். அவருடைய கை அவ்வளவு கெட்டிக்காரக் கை இல்லை.

பட்டறையில் விரல் பட்டாலே பதிகிற மெழுகு உண்டு. அதில் ஒரு பட்டையை மெல்லியதாக வெட்டி, மேனேஜரின் முட்டி உறைக்குள், தொடையின் இரண்டு பக்கமும் படும்படி வைத்துக் கட்டினார். கட்டைவிரல் அங்கேதான் அழுத்தும். அழுத்தினால் துணியோடு சேர்ந்து பதியும். துணி மெல்லியது, பெரிய தடையில்லை. அது தன்னுடைய விரல்தான் என்று கண்ணால் பார்த்துவிட்டால் நிம்மதியாக இருக்கலாம் என்று நினைத்தார். மேனேஜர் தலையைத் தூக்கி அவருடைய வேலையை மேற்பார்வை பார்த்தது.

காலையில் மெழுகில் குழிகள் இருந்தன. ஒன்றன்மேல் ஒன்றாகப் பல அழுத்தல்கள், ஒரே ஓர் இடத்தில் மட்டும் தெளிவாக ஒரு கட்டைவிரல். அதில் பிளாஸ்டரைக் கரைத்து ஊற்றிவிட்டு எதிரில் உட்கார்ந்தார். பிளாஸ்டர் இறுகும்போது சூடாகும். முப்பது வருடமாக ஒவ்வொரு நாளும் கையில் பிடித்து உணர்ந்த சூடு அது. இருந்தாலும் மெழுகை உரித்துவிட்டு அந்த வெள்ளை விரலை எடுத்தபோது, அதன் வெதுவெதுப்பு தாங்காமல் மேஜையில் போட்டுவிட்டார்.

விரலின் நுனி சாய்வாக வெட்டுப்பட்டிருந்தது. வெட்டின் குறுக்கே ஒரு தழும்புக் கோடு. ரொட்டி அறுக்கும் எந்திரம் அக்காவின் கட்டைவிரல் நுனியைக் கொண்டுபோனது அவருக்கு வேலை புதிதாகக் கிடைத்த வருடம். கட்டுப்போட்ட விரலோடு வீட்டுக்கு வந்து, "இன்னிக்கு யாரோ ஒருத்தர் கறி ரொட்டி வாங்கிட்டுப் போயிருக்காங்கடா" என்று சொல்லி அவரை வாந்தியெடுக்க வைத்தாள். தன் கட்டைவிரலை அந்தப் பிளாஸ்டர் விரலுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அவருடையது பருமனாக, முழுசாக இருந்தது. நடந்து போன கால் தம்பியுடையது, தொட்ட கை அக்காவுடையது. அலமாரியில் இருந்த அத்தனை தாடைகளும் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு பார்த்தன.

பயத்தில் அன்று முழுக்க அவர் வேலை செய்யவில்லை. தன் கைகளைப் பார்க்கவே பயமாக இருந்தது, அவற்றைக் கால்சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு வீட்டுக்குள் உலாத்தினார். சாயங்காலம் அக்காவின் அறை வாசலில் நின்றார். மேனேஜர் ஒரே முயற்சியில் எழுந்து நின்று வாலை ஆட்டியது. அப்போது அவருக்கு அழுகை வந்தது. அடக்கம் பண்ணின அன்றுகூட வராத அழுகை. அக்கா வருகிறாள். அவருக்காக வரவில்லை, நாய்க்காக வருகிறாள், அதனால் என்ன? இந்த வீட்டுக்குத்தானே வருகிறாள்!

அதற்கப்புறம் ஊசி என்கிற பேச்சே இல்லை. பல்லுக்காரர் ஆளே மாறிப்போனார். வீடு முழுக்க ரப்பர் விரிப்பு போட்டார், மேனேஜரின் சாப்பாட்டைக் குறைத்தார். நாய் நல்லபடியாக இருந்தால்தான் அக்கா வருவாள் என்று கணக்குப் போட்டு, பகலில் தானும் உட்கார்ந்து ஒத்தடம் கொடுத்து, பிடித்துவிட்டு, மடக்கி நீட்ட ஆரம்பித்தார். இரண்டு தட்டு தட்டினார், மேனேஜர் காலைக் கொடுத்தது. தினமும் சீக்கிரம் படுத்துக்கொண்டார். எழுந்தவுடன் கையை முகர்ந்து பார்த்துச் சிரித்துக்கொண்டார். பார்க்கிறவர்களுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று தோன்றியிருக்கும், நல்லவேளை பார்க்க யாரும் இல்லை.

பத்துப் பதினைந்து நாளில் மேனேஜரின் முட்டி வீங்கியது. தொட்டால் கொதித்தது. மறுபடியும் காலைத் தூக்கிக்கொண்டு நொண்டியது. பார்த்ததும் பிஸியோவுக்கு முகம் மாறியது. தொட்டிப் பக்கமே விடவில்லை. குளிர்ந்த ஒத்தடம் வைத்து, தொடையை விரலால் அங்குலம் அங்குலமாகத் தடவிப் பார்த்தாள்.

"உங்க வீட்ல இன்னொருத்தர் யாரு சார்?"

"ஏன்?"

"ரெண்டு கை தெரியுது. ஒண்ணு தயங்கித் தயங்கிப் பிடிக்குது, அது நீங்க. இன்னொண்ணு நல்லாப் பழகின கை, ஆழமாப் போகுது. ரெண்டு பேரும் பண்ணா மூட்டு தாங்குமா? நல்லதுன்னு அள்ளிக் குடுத்தா அதுவும் கெடுதல்தான். யாராவது ஒருத்தர் நிறுத்தணும்."

"நான் நிறுத்திடறேன்" என்றார் அவர் உடனே. "அவங்க செய்யட்டும். அவங்களுக்குத்தான் நல்லா வருது."

பிஸியோ அவருடைய கைகளைப் பார்த்தாள். இரண்டு கட்டைவிரலும் அடியில் புடைத்துக்கொண்டிருந்தன. அவர் மறைக்கப் பார்த்தார், அவள் விடவில்லை. அழுத்திப் பார்த்தாள், மடக்கச் சொன்னாள், ஒரு துண்டைப் பிடிக்கச் சொன்னாள். துண்டு கீழே விழுந்தது.

"உங்க மூட்டு அவனோடதைவிட மோசமா இருக்கே சார். பண்றது அவங்கன்னா, உங்க விரல் ஏன் இப்படித் தேயுது?" அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "என்ன நடக்குதுன்னு எனக்குத் தெரியாது. ஆனா அந்தக் கை இப்படியே தினமும் அழுத்திச்சுன்னா உங்களுக்கு இந்த விரல் ரெண்டும் போயிடும். பல்லு செய்ய முடியாது, ஒரு பாட்டில் மூடியக்கூடத் திறக்க முடியாது. அப்புறம் இவனை யாரு பாத்துக்குவாங்க? நல்லபடியாப் பாத்துக்கிட்டா இவனுக்கு இன்னும் ரெண்டு மூணு வருஷம் இருக்கு."

வீட்டுக்கு வந்து பட்டறையில் விளக்கைப் போடாமல் உட்கார்ந்திருந்தார். அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது, புரியாமல் இருந்திருக்கக் கூடாதா என்று இருந்தது. அக்காவுக்கென்று தனியாகக் கை கிடையாது. இருப்பது இந்த இரண்டு கைதான். இது தேய்ந்துபோனால் மேனேஜருக்கு அக்காவும் கிடையாது, தம்பியும் கிடையாது. முதல் நாளே அவர் ஒழுங்காகச் செய்திருந்தால் அக்கா வந்தேயிருக்க மாட்டாள். இனி அவர் ஒழுங்காகச் செய்தால் அக்கா வர வேண்டியிருக்காது. எப்படிப் பார்த்தாலும் போகச் சொல்ல வேண்டியது அவர்தான். ஒருவரை இரண்டாம் தடவை இழப்பது இப்படித்தான் இருக்கும் என்று யாரும் அவருக்குச் சொன்னதில்லை.

வீக்கம் வடியும் வரைக்கும் அவர் மேனேஜரைத் தொடவில்லை. இரவில் கைகள் போய்விட்டு வருவதைக் காலையில் வாடையில் தெரிந்துகொண்டார், தடுக்க மனம் வரவில்லை. அப்புறம் ஒரு மாலை, வெளிச்சம் இருக்கும்போதே, ஒத்தடப் பையோடு அக்காவின் அறைக்குப் போய்த் தரையில் உட்கார்ந்தார். முட்டியில் இரண்டு தட்டு. மேனேஜர் காலை நீட்டியது. பிஸியோ மறுபடியும் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்ததை ஒன்றுவிடாமல் செய்தார். விரலால் அழுத்தாமல் உள்ளங்கையால் பிடித்துவிட்டார். மடக்கினார், நிறுத்தினார், நீட்டினார். காதைப் பார்த்தார், உதட்டைப் பார்த்தார். நாய்க்குக் கண் சொக்கியது.

பிறகு அக்காவின் கட்டிலைப் பார்த்துப் பேசினார். கட்டிலில் யாரும் இல்லை, விரித்த விரிப்பு விரித்தபடி இருந்தது.

"அக்கா, பாத்தியா? எனக்கு வந்துடுச்சு. நான் சோம்பேறிதான், நீ சொல்லிச் சொல்லி வாய் வலிச்சதுதான் மிச்சம். ஆனா இதை விட மாட்டேன். நீ நம்பலாம்." ஒத்தடப் பையை எடுத்து ஓரமாக வைத்தார். "போதும்க்கா. இனிமே நான் பாத்துக்கறேன். நீ ரெஸ்ட் எடு."

மேனேஜர் தலையைத் தூக்கிக் கட்டிலைப் பார்த்தது. அப்புறம் அவரைப் பார்த்தது. அவருக்குப் பின்னால் பார்க்கவில்லை, அவரையே பார்த்தது. அது ஊளையிடவில்லை, அழவில்லை, மோவாயை அவர் பாதத்தின் மேல் வைத்துக்கொண்டு தூங்கிப்போனது.

படுக்குமுன் கடைசி தடவையாகப் பிளாஸ்டர் மாவைத் தூவினார். கட்டிலைச் சுற்றி, நடைவழியில், மேனேஜரின் விரிப்பைச் சுற்றி. கட்டிலில் ஏறி உட்கார்ந்து, சோப்புப் போட்ட ஈரத்துணியால் உள்ளங்காலையும் கையையும் சுத்தமாகத் துடைத்துவிட்டுப் படுத்தார். அவள் தன் பேச்சைக் கேட்காமல் இருக்க வேண்டும் என்று ஒரு பக்கம் வேண்டிக்கொண்டார். அக்கா எந்தக் காலத்தில் அவர் சொன்னதைக் கேட்டாள்?

விடிந்ததும் கையை முகர்ந்தார். சோப்பு வாடை அடித்தது. எழுந்து உட்கார்ந்து தரையைப் பார்த்தார். மாவு தூவினது தூவினபடியே இருந்தது. கட்டிலைச் சுற்றி ஒரு தடம் இல்லை, நடைவழியில் ஒரு கோடு இல்லை, திறந்த கதவு வழியாகத் தெரிந்த விரிப்பைச் சுற்றியும் ஒன்றுமில்லை. அவர் எழுந்து போகவில்லை. யாரும் வரவில்லை. அக்கா அவர் பேச்சைக் கேட்டுவிட்டாள். அவர் முகத்தைக் கையால் மூடிக்கொண்டு சின்னப் பிள்ளைபோல அழுதார்.

அழுது முடித்து, மேனேஜரை வெளியே கூட்டிப்போக வேண்டுமே என்று போர்வையை விலக்கினார். அரைக்கால் சட்டைக்குக் கீழே அவருடைய இரண்டு முட்டியிலும் வெள்ளையாக மாவு ஒட்டியிருந்தது. ஒவ்வொரு முட்டியிலும் இரண்டு தட்டல் தடம், கட்டைவிரல் அளவுக்கு. நுனி சாய்வாக இருந்தது, குறுக்கே கோடும் இருந்தது. எத்தனையோ நாளாக அவர் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்த கால் குடைச்சல் அன்று காலையில் இல்லை.

அடுத்த அறையில் மேனேஜர் எழுந்து நின்று, வெளியே போகலாமா என்று செல்லமாகக் குரல் கொடுத்தது. "இரு, வரேன்" என்றார் பல்லுக்காரர். சொன்னாரே தவிர, தடமில்லாத அந்த வெள்ளைத் தரையில் காலை எடுத்து வைக்க அவருக்கு வெகு நேரம் மனம் வரவில்லை.